மூளை களைத்த பிறகு ஓடுவதா, முன்பே ஓடிவிடுவதா?

போன சித்திரையில் அக்கா மகன் ஒரு சின்ன நோட்டோடு வீட்டுக்கு வந்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறான். பகல் முழுவதும் பாளையங்கோட்டை நூலகத்தில் படிப்பு, மாலை ஐந்தரைக்கு மைதானத்தில் ஓட்டம். எழுத்துத் தேர்வில் தேறிய ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 52 நொடிதான் கணக்கு. ஓடி முடிக்க ஆன நேரத்தை நோட்டில் தேதிவாரியாக, நிமிடமும் நொடியுமாகக் குறித்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் 6.50, 6.48. வாரநாள் மாலைகளில் 7.08, 7.12, மறுபடி 7.08.

"மாமா, காலில் வலி இல்லை. மூச்சும் பெரிதாக வாங்கவில்லை. ஆனால் மூன்றாவது சுற்றில் போதும் என்று ஆகிவிடுகிறது" என்றான்.

எங்கள் பக்கத்தில் இதற்குச் 'சடவு' என்று ஒரு சொல் உண்டு. நாற்று நட்டுவிட்டு வந்தவருக்கும் சடவாக இருக்கும், நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கு எழுதியவருக்கும் சடவாக இருக்கும். உடம்புக்கு ஒன்று, மூளைக்கு ஒன்று என்று ஊர்ப் பேச்சு பிரித்துப் பார்ப்பதில்லை. 'மனச்சோர்வு' என்று எழுதினால் மருத்துவர்கள் அதை ஒரு நோயின் பெயராகப் பயன்படுத்துகிறார்கள். அது வேறு விஷயம். ஆகையால் இங்கே மூளைக் களைப்பு என்றே எழுதுகிறேன். நெடுநேரம் கவனத்தை ஒன்றிலேயே ஊன்றியதால் வருகிற களைப்பைத்தான் சொல்கிறேன்.

நான் பள்ளி ஆசிரியன். விடைத்தாள் திருத்தும் நாட்களில் மாடிப்படி ஏறுவதற்குக்கூட யோசிப்பவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி மிகப் பழையது. இத்தாலியின் தூரின் நகரில் ஆஞ்செலோ மோசோ என்ற உடலியல் பேராசிரியர், விரலால் எடையை மீண்டும் மீண்டும் இழுக்கவைத்துத் தசையின் களைப்பை வரைபடமாகப் பதியும் கருவி ஒன்றைச் செய்தார். விரிவுரையும் தேர்வும் நடத்திவிட்டு வந்த சக பேராசிரியர்களை அந்தக் கருவியில் சோதித்தபோது, அவர்களுடைய விரல் வழக்கத்தைவிடச் சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. 1891-இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். வாத்தியார்களின் களைப்பு 130 ஆண்டுகளுக்கு முன்பே அறிவியலில் ஏறிவிட்டது என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இன்று எல்லோரும் முதலில் சுட்டுவது 2009-இல் உடற்பயிற்சி ஆய்வாளர் சாமுவேலே மார்க்கோராவும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வை. 16 பேரை ஒரு நாள் 90 நிமிடம் கணினித் திரையில் எழுத்துகளைக் கவனித்துப் பொத்தானை அழுத்தவைத்தார்கள். இன்னொரு நாள் அதே 90 நிமிடம் ரயிலையும் காரையும் பற்றிய ஆவணப்படங்களைக் காட்டினார்கள். இரண்டு நாளும் அதன்பின் நிலையான சைக்கிளில், உச்சத் திறனில் 80 சதவீதச் சுமையில், முடியாது என்று ஆகும்வரை மிதிக்கச் சொன்னார்கள். படம் பார்த்த நாளில் சராசரி 754 நொடி தாக்குப்பிடித்தார்கள். மூளை வேலை பார்த்த நாளில் 640 நொடி. ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு.

அந்த ஆய்வு உடம்புக்குள் பார்த்ததுதான் சுவையானது. இதயத் துடிப்பு, ஆக்சிஜன் பயன்பாடு, கடும் உழைப்பில் ரத்தத்தில் கூடுகிற லாக்டேட் என்ற பொருள், எதிலும் இந்த வித்தியாசத்தை விளக்குகிற மாற்றம் தெரியவில்லை. மாறியது ஒன்றுதான். "எவ்வளவு கடினமாக இருக்கிறது?" என்ற கேள்விக்கு, மூளை களைத்திருந்த நாளில் அவர்கள் தொடக்கத்திலிருந்தே கூடுதலான எண்ணைச் சொன்னார்கள். சரக்கு அதேதான், விலை மட்டும் ஏறியிருக்கிறது. கையிலிருக்கும் காசு சீக்கிரம் தீர்ந்துபோவதுபோல, பொறுத்துக்கொள்ளக்கூடிய எல்லை சீக்கிரம் வந்துவிடுகிறது. என் மருமகன் மூன்றாவது சுற்றில் 'போதும்' என்று உணர்ந்தது இதைத்தான்.

அந்த 15 சதவீதத்தை அப்படியே அவனுடைய ஓட்டத்தில் போட்டுப் பார்க்கக் கூடாது. முடியாத மட்டும் மிதிப்பது வேறு, குறித்த தூரத்தை ஓடி முடிப்பது வேறு. ஓட்டத்தை அளந்த ஆய்வுகளில் வித்தியாசம் சிறியது. 2014-இல் வந்த ஒன்றில் 90 நிமிட மூளை வேலைக்குப் பிறகு 3000 மீட்டர் ஓட்டம் சுமார் 13 நொடி கூடியது, அதாவது 2 சதவீதத்துக்குள். அதே ஆண்டின் இன்னொன்றில் அரை மணி நேர மூளை வேலைக்குப் பிறகு 5 கிலோமீட்டர் ஓட்டம் 23.1 நிமிடத்திலிருந்து 24.4 நிமிடமானது. இது 5 சதவீதத்துக்குச் சற்று மேல். 6 நிமிடம் 50 நொடியில் ஓடுபவனுக்கு 2 சதவீதம் என்றால் 8 நொடி, 5 சதவீதம் என்றால் 20 நொடி. முதலாவதில் தப்பிக்கிறான், இரண்டாவதில் தோற்கிறான். கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குத்தான் இந்த விவகாரமே. 6 நிமிடத்தில் ஓடுபவன் இதைப் படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தத் துறையின் பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை, பத்துப் பதினைந்து பேரை வைத்துச் செய்தவை. விளைவு தெரிந்த ஆய்வுகள்தான் அச்சேறுகின்றன என்பதையும் கணக்கில் எடுத்தால் பாதிப்பு சொல்லப்படும் அளவுக்குப் பெரிதல்ல என்று 2020-இல் ஒரு மறுஆய்வு வாதிட்டது. எனக்கு அந்த வாதம் நியாயமாகவே படுகிறது. ஆகவே கீழே வருகிற நான்கு வழிகளில் காசு செலவாகிறதோ தூக்கம் கெடுகிறதோ இருந்தால், அதற்கு நான் கூடுதல் மதிப்பெண் போடவில்லை.

அதிகாலை ஓட்டம்

மூளை இன்னும் வேலை தொடங்காத நேரம். சித்திரை, வைகாசியில் திருநெல்வேலியில் ஓடுவதற்கு வேறு நல்ல நேரமும் கிடையாது. ஐந்தே கால் மணிக்கு மைதானத்துக்குப் போனால் நடைப்பயிற்சிக் கூட்டம் சேர்வதற்குள் முடித்துவிடலாம். உடல்தகுதித் தேர்வுக்கும் பெரும்பாலும் காலையில்தான் அழைக்கிறார்கள், அந்த நேரத்துக்கு உடம்பு பழகியிருப்பது நல்லது. ஓடி முடித்தபின் படிக்க உட்கார்ந்தால் கவனம் சிறிது நேரத்துக்குக் கொஞ்சம் கூர்மையாகவே இருக்கும். மிதமான உடற்பயிற்சிக்குப் பிறகு இப்படிச் சிறிய முன்னேற்றம் இருப்பதை நிறைய ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதாவது படிப்பு ஓட்டத்தைக் கெடுக்கிறது, ஓட்டமோ படிப்பைக் கெடுப்பதில்லை. வரிசை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

ஆனால் இதற்கும் விலை இருக்கிறது. உடம்பின் வெப்பநிலை விடியற்காலையில் தாழ்ந்தும் பிற்பகலின் கடைசியில் உச்சத்திலும் இருக்கும். தசைகள் மாலையில்தான் சற்று வலுவாக இயங்கும். எனவே காலையில் எழுந்ததும் ஓடிவிடக் கூடாது, பத்துப் பதினைந்து நிமிடமாவது மெதுவாக ஓடிச் சடவு முறித்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து காலையிலேயே பயிற்சி செய்தால் இந்தக் குறை பெருமளவு சரியாகிவிடுகிறது.

பெரிய விலை தூக்கம். மருமகன் இரவு பதினொன்றரை வரை படிக்கிறவன். நாலே முக்காலுக்கு எழுந்தால் ஐந்தே கால் மணி நேரத் தூக்கம்தான் மிஞ்சும். தூக்கம் குறைந்தாலும் இதே கதைதான், அதே வேகம் கூடுதல் கடினமாகத் தெரியும். மாலையில் கட்ட மறுத்த வட்டியை விடியலில் கட்டியதாகிவிடும். ஆகையால் அதிகாலை ஓட்டம் என்பது உண்மையில் இரவு ஒன்பதரைக்குப் புத்தகத்தை மூடுவது பற்றிய முடிவு. அக்காவிடம் இதைச் சொன்னபோது, "படிக்கிற பிள்ளையைப் படுக்கச் சொல்கிறாயே" என்று கேட்டாள். படிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை, இரவு இரண்டு மணி நேரத்தைக் காலை ஆறரைக்கு நகர்த்தச் சொல்கிறேன் என்று புரியவைக்க இரண்டு தேநீர் ஆயிற்று.

நூலகத்திலிருந்து நேரே மைதானம்

அவன் செய்துகொண்டிருந்தது இதைத்தான். வசதியானது, வழியிலேயே முடிந்துவிடும். குறித்த நேரத்துக்குள் ஓட வேண்டிய பயிற்சிக்கு நான்கு வழிகளில் இதுதான் மோசமானது. அவன் சோம்பேறி என்பதல்ல காரணம். நேரத்தைப் பார்த்து ஓடுகிற ஓட்டம் முழுக்க முழுக்க 'இன்னும் கொஞ்சம்' என்ற முடிவைச் சுற்றுக்குச் சுற்று எடுப்பதுதான். அந்த முடிவெடுக்கும் இடத்தில்தான் களைப்பு உட்கார்ந்திருக்கிறது. அதைவிட மோசம், தினமும் 7.10 என்று நோட்டில் எழுதுவது. மூன்று வாரத்தில் 'நமக்கு இவ்வளவுதான்' என்று அவனே நம்பத் தொடங்கியிருந்தான்.

கத்தரி வெயில் காலத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 30 பாகை வெப்பத்தில் நடத்திய ஒரு ஆய்வில் மூளைக் களைப்பு சைக்கிள் ஓட்டத்தைக் கூடுதலாகக் கெடுக்கவில்லை. வெப்பமே பெரிய சுமையாக இருக்கும்போது இந்தச் சின்னச் சுமை அதில் கரைந்துபோயிருக்கலாம் என்பது என் ஊகம். வைகாசி மாலை ஐந்தரைக்குப் பாளையங்கோட்டையில் ஓடியவர்கள் தலையாட்டுவார்கள். ஆனி, ஆடியில் வெயில் தணிந்தாலும் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று புழுதியோடு முகத்தில் அடிக்கும்.

மாலையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் மதினி வங்கியில் வேலை பார்க்கிறார். சர்க்கரை இருக்கிறது, நடக்கச் சொல்லி மருத்துவர் அறிவுரை. அவருக்கு மாலையை விட்டால் நேரம் இல்லை. காலையில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு ஸ்டாப்வாட்ச் எதற்கு? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை நிறைவேற்றினால் போதும். களைத்த மூளையோடு நடந்தால் அதே நடை கொஞ்சம் கடினமாகத் தோன்றும், வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால்கூட ரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். மதினிக்கு நான் சொன்னது, இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் பொருட்படுத்தாமல் நடங்கள் என்பதுதான்.

இடைவெளி விட்டு மாலையில் ஓடுவது

இது நடுவழி. ஐந்தரைக்கு ஓடாமல் வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, எதையாவது சாப்பிட்டு, ஆறரைக்கு மேல் மைதானத்துக்கு வருவது. என் இளவயதில் இது தாமிரபரணியின் குறுக்குத்துறையில் ஒரு முங்குக் குளியல். மண்டபப் படியில் அரை மணி நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் காலையில் நடத்திய பாடம்கூட மறந்துபோகும். ஒரு மணி நேரத்தில் எல்லாக் களைப்பும் போய்விடும் என்று நான் உறுதி தரமாட்டேன், ஆனால் நேரே ஓடுவதைவிட மேல்.

இடைவெளியைக் கெடுப்பது கைப்பேசி. இன்றைய பிள்ளைகள் ஓய்வு என்று சொல்வது அதைத்தான். கால்பந்து வீரர்களை அரை மணி நேரம் கைப்பேசியில் சமூக ஊடகங்களைப் பார்க்கவைத்துவிட்டு ஆடவைத்த ஆய்வில், பந்தை எங்கே அனுப்புவது என்ற முடிவுகளின் தரம் குறைந்தது. விரல் மட்டும் நகர்கிறது, உடம்பு ஓய்வாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை பார்ப்பது களைத்துப்போன அதே உறுப்பு.

காப்பியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். மூளை நெடுநேரம் உழைக்கும்போது அடினோசின் என்ற பொருள் சேர்வதே இந்தக் களைப்புக்கு ஒரு காரணம் என்று கருதுகிறார்கள். காஃபின் அந்த அடினோசின் போய் உட்காரும் இடத்தை மறித்துக்கொள்கிறது. எனவே வேலை செய்யும், சந்தேகம் இல்லை. விளையாட்டு ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுப்பது உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். 60 கிலோ உள்ளவனுக்குக் குறைந்தபட்சமே 180 மில்லிகிராம், ஒரு டம்ளரில் அடங்காது. அதோடு உள்ளே போன காஃபினில் பாதி குறைவதற்கே சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்தரைக்குக் குடித்ததில் பாதி இரவு பத்தரைக்கும் உடம்பில் இருக்கும். மறுநாள் விடியலில் ஓட நினைப்பவனுக்கு இது கடன் வாங்கிச் செலவழிப்பது. தேர்வு நாள் காலையில் பழக்கப்பட்ட அளவு குடித்துவிட்டுப் போகலாம், தினசரி மாலைக்கு வேண்டாம். (சுக்குக் காப்பி குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை என்றான் மருமகன் ஒரு நாள். எங்கள் வீட்டில் சுக்கு, மல்லி, கருப்பட்டிதான் போடுவோம். காப்பித்தூளே இல்லாத காப்பியில் என்ன ஆகும்?)

மாலையில் பயிற்சியையே மாற்றிக்கொள்வது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. யாரும் இதை முதலில் யோசிப்பதில்லை. மூளைக் களைப்பு எல்லா உழைப்பையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நீடித்துத் தாக்குப்பிடிக்கும் உழைப்பு குறைகிறது. ஒரே மூச்சில் காட்டுகிற உச்ச பலமும் பாய்ச்சலும் குறைவதில்லை. காரணத்தைப் புரிந்துகொள்வது எளிது. 'இன்னும் வேண்டுமா' என்று கேட்டுக்கொள்ள நேரம் இருக்கும் இடத்தில்தான் விலையேற்றம் வேலை செய்கிறது. நீளத் தாண்டுதலில் பலகையை மிதித்த பிறகு யோசிக்க நேரமே இல்லை.

காவலர் தேர்வில் 1500 மீட்டர் ஒரு வாசல் மட்டும்தான். அதைத் தாண்டியபின் கயிறு ஏறுதல், நீளத் தாண்டுதல் அல்லது உயரத் தாண்டுதல், 100 மீட்டர் அல்லது 400 மீட்டர் ஓட்டம் எல்லாம் இருக்கின்றன. மாலையை இவற்றுக்குக் கொடுத்துவிட்டால் நூலகத்துக் களைப்புக்கு அங்கே பெரிய வேலை இல்லை. 100 மீட்டர்ப் பாய்ச்சல், தாண்டுதல், கயிற்றுக்கான இழுப்புப் பயிற்சி. மாலையில் தசைகள் சூடாக இருப்பது இவற்றுக்குக் கூடுதல் லாபம். சுவரில் முதுகை ஊன்றி நாற்காலிபோல உட்காருவது, நெடுநேரம் முழங்கையில் தாங்கி நிற்பது போன்றவற்றை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். பலப் பயிற்சிபோலத் தெரிந்தாலும் அவை தாக்குப்பிடிக்கும் பயிற்சிகள்.

மாலையில் ஓடியே தீருவேன் என்றால் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, மெதுவான நீண்ட ஓட்டம் ஓடலாம். சுவீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் என்ற உளவியலாளர் உழைப்பை எண்ணால் சொல்ல 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். ஓய்வில் இருக்கும் துடிப்பு 60, உச்சம் 200 என்று வைத்துப் பத்தால் வகுத்த கணக்கு அது. அதில் 13 என்பது 'சற்றுக் கடினம்'. மாலையில் 13-ஐத் தாண்டாமல் ஓடு, எத்தனை நிமிடம் ஆனாலும் நோட்டில் எழுதாதே என்று மருமகனிடம் சொன்னேன்.

களைத்த மூளையோடு வேண்டுமென்றே ஓடிப் பழகினால் மனம் உறுதிப்படாதா என்று அவனுடைய நண்பன் ஒருவன் கேட்டான். கேள்வி அசட்டுத்தனமானதல்ல. 2016-இல் வெளியான ஒரு ஆய்வில் தொழில்முறை சைக்கிள் வீரர்கள் 11 பேரும் பொழுதுபோக்காக ஓட்டும் 9 பேரும் அரை மணி நேர மூளை வேலைக்குப் பிறகு 20 நிமிடம் சைக்கிள் ஓட்டினார்கள். பொழுதுபோக்காளர்களின் திறன் குறைந்தது, தொழில்முறை வீரர்களுடையது குறையவில்லை. ஆனால் அது பல ஆண்டுப் பயிற்சியால் வந்ததா, அப்படிப்பட்டவர்கள்தான் வீரர்களாகிறார்களா என்று அந்த ஆய்வை வைத்துப் பிரிக்க முடியாது. அதைவிட எளிமையான விடை ஒன்று இருக்கிறது. எழுத்துத் தேர்வும் ஓட்டமும் வேறு வேறு நாளில் நடக்கின்றன. வராத வெள்ளத்துக்கு அணை கட்ட வேண்டாம்.

மருமகன் இப்போது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் நேரம் பார்த்து ஓடுகிறான். திங்கள், வெள்ளி மாலைகளில் தாண்டுதலும் கயிறும். புதன் மாலை நோட்டில் ஏறாத மெதுவான ஓட்டம். சனிக்கிழமை ஓய்வு. இரவு ஒன்பதரை இன்னும் பத்தே காலாகத்தான் இருக்கிறது, அதற்கு நான் கண்டிப்புக் காட்டவில்லை. காலை நேரம் 6.43 வரை இறங்கியிருக்கிறது. இதில் முறையின் பங்கு எவ்வளவு, மூன்று மாதப் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து பேரை வைத்த ஆய்வையே சிறியது என்று மேலே குறைப்பட்டவன் நான், இங்கே இருப்பதோ ஒரே ஆள்.

ஐப்பசி வந்ததும் இந்த அட்டவணை குலையும். விடியலில் மழை பெய்து தடம் சேறாகிவிட்டால் மாலையில்தான் ஓடியாக வேண்டும். அப்போது இடைவெளி விட்டு ஓடலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறான். அந்த ஒரு மணி நேரம் கைப்பேசியை என்னிடம் கொடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனைக்கு மட்டும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. அரை மணி நேரம் போதாதா என்கிறான்.